குளிரைச் சொல்லும்போது ஒளியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர் தாங்கும் மரபணு மாற்றுப் பயிர் பற்றிச் செய்தி வரும்போது எத்தனை பாகை செல்சியஸ் என்பது மட்டுமே தலைப்பில் இருக்கிறது. அந்தக் குளிரில் இலைமேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பது செய்தியின் கடைசி வரி வரை வருவதில்லை. ஒளிச்சேர்க்கையைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இது பெரிய விடுபடல். இருட்டில் 4 பாகையில் இருந்த இலைக்கும், அதே 4 பாகையில் வெயிலில் நின்ற இலைக்கும் வரும் கேடு வேறு வேறு.

பச்சையம் ஒளியைப் பிடிப்பதைக் குளிர் தடுப்பதில்லை. பிடித்த ஆற்றலைச் செலவிட்டுச் சர்க்கரை ஆக்கும் நொதிகள்தான் குளிரில் மந்தமாகின்றன. வரவு குறையாமல் செலவு மட்டும் நின்றால், மிஞ்சும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து சூப்பர்ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உருவாகின்றன. இன்னொன்றும் நடக்கிறது. ஒளியைப் பிடித்து எலக்ட்ரான்களை நகர்த்தும் இரு புரதத் தொகுப்புகளில் ஒன்றான இரண்டாம் ஒளி அமைப்பிலுள்ள டி1 புரதம் வெயில் பட்டாலே சிதைந்துகொண்டிருக்கும். சிதைந்ததை நீக்கிப் புதியதைப் பொருத்தும் பழுதுபார்ப்பும் கூடவே ஓடும். குளிர் முடக்குவது பெரும்பாலும் இந்தப் பழுதுபார்ப்பைத்தான்.

1992-இல் ஜப்பானிய அறிவியலாளர் நோரியோ முராட்டாவின் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட புகையிலை ஆய்வு இந்தத் துறைக்கு அடித்தளம். ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்பான பசுங்கணிகத்தின் சவ்வில் பாஸ்ஃபாடிடைல்கிளிசரால் என்றொரு கொழுப்பு உண்டு. அதில் நிறைவுற்ற கொழுப்பு அமிலம் சேருமா, நிறைவுறாதது சேருமா என்பது பெரிதும் ஒரே ஒரு நொதியின் தேர்வைப் பொறுத்தது. குளிர் தாங்காத பூசணி வகையின் நொதியைப் புகையிலையில் சேர்த்தபோது செடி குளிருக்கு மேலும் நலிந்தது. ஆய்வகங்களில் மாதிரியாகப் பயன்படும் சிறு செடியான அரபிடாப்சிஸின் நொதியைச் சேர்த்தபோது தாங்கியது. நிறைவுறாத கொழுப்பு மிகுந்த சவ்வில், ஒளியால் சிதைந்த அமைப்பு விரைவாக மீள்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. அதனால் குளிரில் வைத்து ஒரே ஒரு முறை அளந்த எண்ணைக் கொண்டு இத்தகைய செடியை எடைபோட முடியாது. வெப்பநிலையை உயர்த்திய பின் 1, 6, 24 மணி நேரங்களில் மீண்டும் அளந்திருக்க வேண்டும்.

எந்த மரபணு என்பதைப் போலவே, அதன் விளைபொருள் செல்லுக்குள் எங்கே சேர்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மண் பாக்டீரியா ஒன்றின் கோலின் ஆக்சிடேஸ் மரபணுவை நெல்லில் சேர்த்து, நெல் தானாக உருவாக்காத, செல்லை நெருக்கடியில் காக்கும் கிளைசின் பீட்டைன் என்ற பொருளை 1998-இல் உருவாக்க வைத்தார்கள். நொதியைப் பசுங்கணிகத்துக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் வைத்த செடிகளில் பீட்டைன் பல மடங்கு அதிகம். ஆனால் குளிரிலும் ஒளியிலும் நன்றாகத் தாங்கியவை, பசுங்கணிகத்துக்குள் நொதி வைத்த, பீட்டைன் குறைவாக இருந்த செடிகளே.

மக்காச்சோளத்தின் சிக்கல் வேறு. கரியமில வாயுவைச் செறிவாக்கித் தரும் அதன் சி4 சுழற்சியில் பைருவேட் பாஸ்ஃபேட் டைகைனேஸ் என்ற நொதி நான்கு துண்டுகள் சேர்ந்தது. ஏறத்தாழ 12 பாகைக்குக் கீழே துண்டுகள் பிரிந்து செயலிழக்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோவின் அளவும் அங்கே முட்டுக்கட்டை. ரூபிஸ்கோவின் பெரிய, சிறிய துணை அலகுகளை மட்டும் அதிகமாக உருவாக்கியபோது பயன் இல்லை. அவற்றைக் கோத்துத் தரும் ராஃப்1 என்ற உதவிப் புரதத்தையும் சேர்த்த பிறகே ரூபிஸ்கோ 30 சதவீதத்துக்கு மேல் கூடியது. 2018-இல் வெளியான இந்தச் செடிகள் குளிரிலும் சிறப்பாக ஒளிச்சேர்க்கை செய்து வேகமாக மீண்டன என்று 2020-இல் தெரிந்தது. ஒற்றை மரபணு அற்புதங்களைவிட இத்தகைய பொறுமையான வேலைதான் நம்பிக்கை தருகிறது.

அளவீட்டிலும் ஏமாற இடமுண்டு. பச்சைய ஒளிர்வை அளக்கும் கருவி தரும் எஃப்வி/எஃப்எம் விகிதம், இலையை 20 முதல் 30 நிமிடம் இருட்டில் வைத்த பின், நலமான இலையில் 0.83 அளவில் இருக்கும். அது இரண்டாம் ஒளி அமைப்பை மட்டுமே காட்டும். வெள்ளரி இலை 4 பாகையில் மிதமான ஒளியிலேயே மற்றத் தொகுப்பான முதலாம் ஒளி அமைப்பை இழக்கிறது. அந்த விகிதமோ அதிகம் இறங்குவதில்லை. முதலாம் அமைப்பு மீளப் பல நாள் ஆகும். எனவே முதலாம் அமைப்பின் நிலையைக் காட்டும், 820 நானோமீட்டர் அருகேயான ஒளி உறிஞ்சலையும் அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். நேர்மாறான பிழையும் உண்டு: மிகை ஒளியை வெப்பமாக வெளியேற்ற உதவும் ஸியாஸாந்தின் என்ற நிறமி குளிரில் மெதுவாகவே பழைய வடிவுக்கு மாறுவதால், அரை மணி இருட்டுக்குப் பிறகும் விகிதம் தாழ்ந்தே நிற்கலாம். அது சேதம் அல்ல, செடியின் தற்காப்பு.

வேரும் சேர்ந்து குளிர்ந்தால் நீர் ஏறாமல் இலை வாடும். வாட்டத்தையும் ஒளிச்சேர்க்கைக் கேட்டையும் பிரிக்க, மண் வெப்பநிலையைத் தனியே பதிய வேண்டும். வெப்பநிலையைச் சட்டென்று இறக்கினார்களா, சில நாள் பழக்கி இறக்கினார்களா என்பதும் முடிவை மாற்றும். ஒப்பீட்டுச் செடி வெறும் மூல ரகமாக இருந்தால் போதாது. அதே திசு வளர்ப்பைக் கடந்து, புதிய மரபணுவை மட்டும் இழந்த உடன்பிறப்புச் செடி வேண்டும். குறைந்தது மூன்று தனித்தனி வழிமரபுகளில் ஒரே விளைவு தெரிய வேண்டும்.

நெல்லைப் பற்றி ஒன்றைத் தவறாமல் எழுதுங்கள். கதிர் வெளிவர ஏறத்தாழ 10 முதல் 12 நாள் முன்பு குளிர் தாக்கினால் மகரந்தம் மலடாகி மணி பிடிக்காது. இலையின் ஒளிச்சேர்க்கை முழுதாகக் காக்கப்பட்டாலும் அந்த இழப்பு நீங்காது. இளநாற்றில் காட்டிய தாங்குதிறனை விளைச்சல் என்று எழுதினால் உழவர் ஏமாந்து போவார்.

குளிர் மறுவினைகளை ஒட்டுமொத்தமாக முடுக்கும் டிரெப்1ஏ மரபணுவை எந்நேரமும் இயங்கும் ப்ரமோட்டரோடு (மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் டிஎன்ஏ பகுதி) சேர்த்தபோது அரபிடாப்சிஸ் குட்டையாகியது. குளிர், வறட்சி போன்ற நெருக்கடி வந்தால் மட்டும் விழிக்கும் ஆர்டி29ஏ ப்ரமோட்டரோடு சேர்த்தபோது அந்தக் குறை பெரிதும் நீங்கியதை 1999-இல் காட்டினார்கள். அதனால், குளிரில் செடி பிழைத்தது என்று அடுத்த முறை அச்சிடும்போது, குளிரே வராத பருவத்தில் அதே செடி ஒப்பீட்டுச் செடிக்குச் சமமாக விளைந்ததா என்ற எண்ணையும் ஆய்வாளரிடம் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
பயிர் உடலியல் ஆய்வாளர் ஒருவர்