ஒரு பிரதியை விட்டுவிட்டு மூடுங்கள்

வீட்டு வீடியோ கேம் கன்சோல் தயாரிக்கும் நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பழைய கன்சோல்களுக்கான இணையக் கடைகளை நீங்கள் ஒவ்வொன்றாக மூடிவருவது பற்றி எழுதுகிறேன். மூடுவதற்கு உங்கள் பக்கத்தில் காரணங்கள் இருக்கும். அவற்றை நான் கிளறப் போவதில்லை. மூடும்போது பணம் கட்டியவர்களுக்கும் நூலகங்களுக்கும் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கடந்த மே மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்காக ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்தினேன். வீடியோ கேம் வீட்டுக்குள் நுழைந்த கதையைச் சொல்லி, பழைய கருவிகளை அவர்களே தொட்டு விளையாடட்டும் என்பது திட்டம். மேசையில் இரண்டு கருவிகளை வைத்தேன். ஒன்று, 1994-இல் அப்பா பர்மா பஜாரிலிருந்து வாங்கிவந்த டிவி கேம். நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்து யாரோ செய்த நகல் அது. கேசட்டில் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும், உள்ளே இருப்பதோ முப்பது நாற்பது விளையாட்டுகள்தாம். மற்றொன்று, 2010-இல் என் சம்பளத்தில் ரசீதோடு வாங்கிய கன்சோல். உங்களுள் ஒருவர் தயாரித்தது.

டிவி கேமோடு வந்த, திரையில் வாத்து சுடும் துப்பாக்கி இன்றைய தட்டை டிவியில் வேலை செய்யாது, பழைய குழாய் டிவி வேண்டும். அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சியை அத்தை வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கேசட்டின் செப்புப் பற்களைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சிறுவயதில் வாயால் ஊதுவோம். எச்சில் ஈரம் பட்டால் பற்கள் கறுத்துப்போகும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? முதல் முறை திரை சாம்பலாகவே இருந்தது. கேசட்டைக் கழற்றி, ஒரு மயிரிழை சாய்த்துச் செருகியதும் பாட்டு வந்துவிட்டது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி துப்பாக்கியைத் திரையில் முட்டுகிற அளவுக்கு நீட்டிக்கொண்டு வாத்துகளைச் சுட்டுத்தள்ளினாள். கருவிக்கு வயது முப்பதுக்கு மேல்.

அடுத்து உங்கள் கன்சோல். அதில் தரவிறக்கமாக மட்டுமே விற்கப்பட்ட பதினொரு விளையாட்டுகளை 2010-க்கும் 2014-க்கும் இடையில் கடன் அட்டையில் பணம் கட்டி வாங்கியிருந்தேன். இடையில் மதர்போர்டு பழுதாகி, உங்கள் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திலேயே மாற்றினேன். சரியாகிவிட்டது என்று பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஊர் மாறியதில் பெட்டி பிரிக்கப்படாமலே பரணுக்குப் போய்விட்டது. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இரவு இறக்கிப் போட்டுப் பார்த்தால் பதினொன்றும் பூட்டிக் கிடக்கின்றன. மதர்போர்டு மாறியதால் கருவியின் அடையாள எண் மாறிவிட்டதாம். வாங்கியவை பழைய எண்ணோடு கட்டப்பட்டவையாம். புது எண்ணுக்கு மாற்றித் தர வேண்டிய கடை மூடப்பட்டுவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன், ரசீதுகளை இணைத்தேன். மூன்று முறையும் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. மூன்றாவதில் புதிய கன்சோலின் விலைப்பட்டியலும் இருந்தது.

நூலகத்தில் ஒரு பையன் கேட்டான்: “இதையும் காசு கொடுத்துத்தானே வாங்கினீர்கள் மாமா? பிறகு ஏன் வரவில்லை?”

அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கள்ளப் பிரதி உயிரோடு இருக்கிறது. முறையாக வாங்கியது செத்துக் கிடக்கிறது. கள்ளப் பிரதி வாங்காதீர்கள் என்று எங்களிடம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவருபவர்கள் நீங்கள். அந்தப் பேச்சை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நம்பியவனை இப்படி நிற்க வைத்தது நியாயமா என்று உங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவராவது யோசிக்க வேண்டும்.

இது என் பதினொரு விளையாட்டுகளோடு முடிகிற விஷயமாக இருந்தால் திறந்த மடல் எழுதியிருக்க மாட்டேன். 2019 ஜனவரியில் நிண்டெண்டோவின் வீ கன்சோலின் கடை மூடியது. 2023 மார்ச் 27-இல் அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் இரண்டிலும் விற்பனை நின்றது. 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை. விற்பனை நின்றாலும் முன்பு வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று சில இடங்களில் அனுமதித்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்த அனுமதி எத்தனை நாளைக்கு என்று எழுதித் தரவில்லை. வட்டோ கேசட்டோ இல்லாமல் அந்தக் கடைகளில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனிப் புதிதாக ஒருவர் முறையாக வாங்க வழியே இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கெடுத்தபோது, 2010-க்கு முன் அங்கே வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று சந்தையில் இல்லை என்று தெரியவந்தது. நூற்றுக்கு பதின்மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: மூடுவதற்கு முன் ஒரு பிரதியை நூலகத்தில் ஒப்படையுங்கள்.

எங்களிடமே பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கிறதா? பான்சர் டிராகூன் சாகா என்ற விளையாட்டின் மூல நிரல், அதை வெளியிட்ட செகா நிறுவனத்திடமே இல்லை. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் விளையாட்டை உயர்தரப் படத்தில் திரும்ப வெளியிட முயன்றபோது மூலக் கோப்புகள் தொலைந்துபோயிருந்தன. விற்பனையில் இருந்த பிரதியைத் தோண்டித் துருவி மறுபடி செய்ய வேண்டிவந்தது. இவை சிறு நிறுவனங்கள் அல்ல. செய்தவர் வீட்டு அலமாரியே பொருளைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை உங்கள் தொழிலில் பலமுறை பொய்த்திருக்கிறது.

சாட்டலாவ்யூவை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. 1995 முதல் 2000 வரை ஜப்பானில் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்குச் செயற்கைக்கோள் வழியாக விளையாட்டுகளை ஒலிபரப்பினார்கள். குறித்த நேரத்தில் கருவியை இயக்கி வைத்திருந்தால் விளையாட்டு வரும்; சிலவற்றுக்கு நடிகர்கள் பேசும் குரலும் கூடவே வானொலி நாடகம்போல வரும். அந்தக் குரல் நினைவகக் கேசட்டில் பதியாது. நேரம் முடிந்தால் போயிற்று. இன்று அவற்றில் நமக்குக் கிடைத்திருப்பவை, வீட்டில் யாரோ ஒருவர் அன்று டேப்பில் பதிந்து வைத்ததும், பழைய நினைவகக் கேசட்டுகளை ஆர்வலர்கள் தேடி வாங்கி அவற்றிலிருந்து எடுத்ததும்தான். ஆடிப்பெருக்கில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட ஊர் எங்களுடையது. விட்டது எவ்வளவு என்று பட்டியல்கூடப் போட முடியாமல் இன்றும் தவிக்கிறோம். விட்டவர்கள் சுவடியின் மதிப்புத் தெரியாமல் விட்டார்கள். உங்களுக்கு மதிப்பு நன்றாகத் தெரியும்; பழைய விளையாட்டுகளைத் தூசி தட்டி இரண்டாம் முறை, மூன்றாம் முறை விற்கிறீர்களே.

காப்பாற்ற நினைத்த இடத்தில் காப்பாற்றியும் இருக்கிறார்கள். டிவியில் விளையாடும் கருவியை வீட்டுக்காக முதலில் வடிவமைத்த ரால்ஃப் பேர் 1966 செப்டம்பர் 1 அன்று தேதியிட்டுக் கையால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. அவர் செய்த ‘பழுப்புப் பெட்டி’ என்ற முன்மாதிரிக் கருவி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அதிலிருந்து வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற கன்சோல் 1972-இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியே கிடையாது, மைதானம் வேண்டுமென்றால் நிறத்தாளை டிவி கண்ணாடிமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். காப்புரிமை வழக்குகளில் அந்தக் குறிப்புகள் தேவைப்பட்டன, அதனால் அவை பத்திரமாக இருந்தன. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் என்னால் ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. 2012-இல் வெளியான ஒரு விளையாட்டைக் காட்ட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேசட்டை மாற்றி மாற்றிப் போடலாம் என்ற வசதியை 1976-இல் ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கருவியில் கொண்டுவந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய கறுப்பினப் பொறியாளர் ஜெரி லாசன். நீங்கள் எல்லோரும் பல ஆண்டுகள் பிழைத்தது அந்த யோசனையில்தான். அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? அட்டாரி நிறுவனத்தில் விளையாட்டைச் செய்தவர் பெயரையே போடாத காலத்தில், வாரன் ராபினெட் தன் பெயரை ‘அட்வெஞ்சர்’ விளையாட்டுக்குள் ஓர் அறையில் ஒளித்துவைத்தார். விளையாட்டு மிஞ்சியதால் அந்தப் பெயரும் மிஞ்சியது. மூடிய கடைகளுக்குள் எத்தனை இளைஞர்களின் பெயர்கள் கிடக்கின்றனவோ. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்த சிறு விளையாட்டுகள்தாம் அங்கே அதிகம்.

அமெரிக்காவில் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் ஓர் அனுமதி கேட்டன. சந்தையில் இல்லாத பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பார்க்க வழி செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. உங்கள் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகமும் மறுத்துவிட்டது. பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்திவிடுவார்கள், சந்தை கெடும் என்பது அங்கே எழுந்த அச்சம். விற்காத பொருளுக்குச் சந்தை எங்கே இருக்கிறது? விளையாட்டை விளையாடிப் பார்க்காமல் அதன் வரலாற்றை எப்படிப் படிப்பது? நீங்களாக முன்வந்து ஒரு பிரதி கொடுத்தால் எந்த அலுவலகமும் தடுக்கப் போவதில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லதையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள். 1983-இல் வந்த ஃபேமிகாமை நிண்டெண்டோ ஜப்பானில் 2007 வரை பழுது பார்த்துக் கொடுத்தது. 2021-இல் பிளேஸ்டேஷன் 3 கடையை மூடுவதாக அறிவித்த சோனி, மக்கள் கேட்டுக்கொண்ட பிறகு அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து பெட்டியில் விற்கும் விளையாட்டுகளைச் சட்டப்படி பெற்றுச் சேர்த்துவைக்கிறது. பெட்டிக்குச் செய்வதைத் தரவிறக்கத்துக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே பணிவோடு வேண்டுகிறேன். ஒரு கடையை மூடும் அறிவிப்பு வெளியாகும் அன்றே, அங்கே மட்டும் கிடைக்கும் விளையாட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை, பூட்டு இல்லாமல், ஒரு பொது நூலகத்திடமோ அருங்காட்சியகத்திடமோ ஒப்படையுங்கள். பணம் கட்டியவர், கருவியின் பாகம் மாறினாலும் தான் வாங்கியதைத் திரும்பப் பெற ஒரு வழியைத் திறந்துவையுங்கள். விற்பனையை நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை, விற்றதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நூலகர் டிசம்பர் விடுமுறையில் நிகழ்ச்சியை மறுபடி நடத்தச் சொல்லியிருக்கிறார். அதே பிள்ளைகள் வருவார்கள். என் பதினொரு ரசீதுகளும், கருவியின் பழைய எண்ணும் புது எண்ணும் எழுதிய தாளும் ஒரே உறையில் இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்