மீனாவுக்கு, 'டேக்' பற்றி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடமாட ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். பெரியவளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. பினாங்கிலிருந்து நீ வராமல் எனக்கு அது நிறையாது.

பக்கத்து வீட்டுச் சீனப் பையன் ஆங்கிலத்தில் 'டேக்' (take) என்ற வினையில் திணறுகிறான் என்று எழுதியிருந்தாயே, என் மாலை வகுப்பிலும் அதே கதைதான். சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். 'டேக்' என்றால் சீனத்தில் 'நா', அதாவது கையில் எடுப்பது, என்று பள்ளியில் உருப்போட்டு வந்திருக்கிறார்கள். அங்கே காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150 மதிப்பெண். பிள்ளைகள் சொற்பட்டியலை உருப்போடாமல் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சீனத்தில் பஸ்ஸில் உட்காருவார்கள், மருந்தைச் சாப்பிடுவார்கள், போட்டோவுக்கு 'பாய்' என்று தட்டுகிற வினை, நேரத்துக்குச் செலவழிக்கிற 'ஹுவா'. ஆங்கிலம் இத்தனைக்கும் 'டேக்' ஒன்றையே வைத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் சமையற்கட்டில் வேலை செய்யும் ஒருவர் 'ஐ ஈட் மெடிசின்' என்றார். நாமும் மருந்து சாப்பிடுகிறவர்கள்தானே, அது எங்கிருந்து வருகிறது என்று உடனே புரிந்தது. அதனால் 'டேக்' என்பதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்காதே. 'டேக் எ பஸ்', 'டேக் மெடிசின்', 'டேக் எ போட்டோ' என்று கூட வரும் பெயரோடு சேர்த்தே அவன் வாயில் பழகட்டும்.

'பிரிங்'கோடு (bring) குழம்புவது இன்னும் பெரிய தொல்லை. அவர்களுக்கு இரண்டுக்கும் 'தாய்' என்ற ஒரே வினை. பின்னால் 'லாய்' சேர்ந்தால் கொண்டு வருவது, 'ச்சூ' சேர்ந்தால் கொண்டு போவது. அப்படியே நம் தமிழ், பார்த்தாயா! வகுப்பில் ஒருவர் கையில் குடையைக் கொடுத்து வாசலுக்கு அனுப்புவேன். போகும்போது எல்லாரும் 'தாய் ச்சூ, டேக்'. திரும்பி என்னிடம் வரும்போது 'தாய் லாய், பிரிங்'. நாலு பேர் நடந்து முடிப்பதற்குள் வகுப்பே பிடித்துக்கொள்கிறது. பையனிடம் இதைக் கட்டாயம் செய்து பார்.

'டேக்'கின் இறந்தகால உருவங்களான 'டுக்', 'டேக்கன்' வருவதற்கு நாளாகும். சீன வினை காலத்துக்காக உருமாறாது. வேலை முடிந்ததென்று காட்ட 'ல' என்ற சின்ன ஒட்டு போதும். அதனால் 'எஸ்டர்டே ஐ டேக்' என்று சொன்னால் அதட்டாதே, சரியான வாக்கியத்தை நீ ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர். பெரியவன் ஆனதும் 'டுக் ப்ளேஸ்' என்பதற்குப் பதிலாக 'வாஸ் டேக்கன் ப்ளேஸ்' என்று தப்பாக எழுதுவான், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவன் நோட்டிலிருந்து இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. எங்கே இடறுகிறான் என்று பார்த்து, அவனுக்கென்றே பயிற்சி எழுதித் தருகிறேன். வளைகாப்புக்கு எந்தத் தேதியில் வருகிறாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
வசந்தா