கொக்கி எங்கே போடுவது?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வீடும் ஆஸ்பத்திரியுமாக அலைந்ததில் பதில் போட முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்து மருமகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்வை திரும்பியதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். பயோடேட்டா அடிக்க வந்த பையனும் நீயும் 'த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதில் அப்பாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேலே போடுகிற அந்தக் கொக்கி, உண்டா இல்லையா என்று மல்லுக்கட்டியதாக எழுதியிருந்தாய். உண்டு. 'இயர்ஸ்' என்று முடித்துவிட்டு, அந்த எஸ்ஸுக்குப் பின்னால் கொக்கி. ஒரே வருஷம்தான் அனுபவம் என்றால் எஸ்ஸுக்கு முன்னால். நாம் 'மூணு வருஷத்து அனுபவம்' என்கிறோமே, அதில் 'அத்து' பார்க்கிற வேலையைத்தான் அங்கே கொக்கி பார்க்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரியாது, கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் படித்தவர்களே விட்டுவிடுகிறார்கள். தொந்தரவே வேண்டாம் என்றால் நடுவில் ஓர் 'ஆஃப்' சேர்த்து 'த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று அடித்துக் கொடுத்துவிடு. கொக்கிக்கு வேலையே இல்லை.

ஆங்கிலத்தில் இந்தக் கொக்கி பெரும்பாலும் உயிருள்ளவர்களுக்குத்தான். மேசைக்காலை 'டேபிள்ஸ் லெக்' என்று எவனும் சாதாரணமாகச் சொல்ல மாட்டான், 'டேபிள் லெக்' என்பான். ஆனால் காலத்துக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள். 'டுடேஸ் பேப்பர்', 'எ டேஸ் வொர்க்', 'எ மந்த்ஸ் சேலரி' எல்லாம் அப்படித்தான். நேற்றும் இன்றும் ஏதோ வீட்டுக்கார மனுஷர்கள் மாதிரி பேப்பரும் சம்பளமும் வைத்திருக்கிறார்கள்.

கொக்கிக்குப் பதிலாக ஹைஃபன் என்கிற சின்னக் கோடு வருகிற இடம் ஒன்று இருக்கிறது, உன் கடையில் அதுதான் அடிக்கடி வரும். 1951-இல் தொடங்கினார்களே, அந்த ஐந்தாண்டுத் திட்டம் 'ஃபைவ்-இயர் பிளான்'தான், 'ஃபைவ் இயர்ஸ் பிளான்' இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழும் அதையேதான் செய்கிறது. 'ஐந்தாண்டுகள் திட்டம்' என்று யாரும் சொல்வதில்லை. 'பத்து வயசுப் பையன்', 'மூணு நாள் பயிற்சி' என்று ஒருமையிலேயே நிறுத்திவிடுகிறோம். நம் வாயில் வருகிறபடி விட்டிருந்தால் 'த்ரீ-டே ட்ரெய்னிங்' என்று சரியாகவே வந்திருக்கும். ஒன்றுக்கு மேல் போனால் எஸ் போடு என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் ஏற்றிய பாடம்தான் கெடுக்கிறது. பின்னால் வருகிற சொல்லை எண்ண முடிந்து, முன்னால் 'எ' நிற்கிறது என்றால் பெரும்பாலும் கோடு: 'எ டூ-வீக் கோர்ஸ்'. எண்ண முடியாத லீவு, நோட்டீஸ், அனுபவம் என்றால் கொக்கி: 'டூ வீக்ஸ் லீவ்'. உன் கடைக்கு இது போதும்.

பெயர் என்று ஆகிவிட்டால் இந்தக் கணக்கும் நிற்காது. 1337 முதல் 1453 வரை பிரான்சும் இங்கிலாந்தும் விட்டு விட்டுப் போட்ட சண்டைக்கு 'ஹண்ட்ரட் இயர்ஸ் வார்' என்று கொக்கியோடு பெயர். நடந்தது 116 வருஷம், பெயர் வைத்தவர்கள் மீதியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். 1618-இல் தொடங்கிய 'தர்ட்டி இயர்ஸ் வார்' மட்டும் சொன்ன சொல் தவறாமல் 1648-இல் முடிந்தது. இஸ்ரேலும் அரபு நாடுகளும் 1967-இல் மோதியதோ 'சிக்ஸ்-டே வார்'. அங்கே கோடு, ஒருமை. ஏன் என்று கேட்காதே.

கோடும் கொக்கியும் அழகுக்கு என்று நினைக்காதே. நான் திருத்துகிற மருத்துவக் கட்டுரைகளில் அர்த்தமே மாறிப் போகும். போன வாரம் ஒன்றில் 'ட்வென்டி ஃபோர் ஹவர்ஸ் யூரின்' என்று இருந்தது. ஆபரேஷன் முடிந்த நோயாளியின் சிறுநீர். '24-ஹவர் யூரின்' என்று கோடு போட்டுத் திருத்தினால், ஒரு நாள் முழுக்கப் போனதையெல்லாம் ஒரே கேனில் சேர்த்தது என்று ஆகும். 'யூரின் அட் 24 ஹவர்ஸ்' என்று திருத்தினால், ஆபரேஷன் முடிந்து இருபத்து நாலாம் மணியில் எடுத்த ஒரே ஒரு சாம்பிள். ரத்த அழுத்தத்துக்கும் இதே கதைதான்: கையில் பட்டை கட்டி நாள் முழுக்க எடுத்ததா, மறுநாள் ஒரு தடவை பார்த்ததா? எழுதிய டாக்டருக்கு எது என்று தெரியும், படிக்கிறவனுக்குத் தெரியாது. நாமாகத் திருத்தக் கூடாது, 'ஆத்தர் குவெரி' போட்டுக் கேட்க வேண்டும். கேட்டதற்கு அவர் 'யெஸ்' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கிறார். எதற்கு யெஸ் என்று திரும்பவும் கேட்டிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது திங்கட்கிழமை. 'மண்டே மீட்டிங்' என்று வெறுமனே பக்கத்தில் வைத்தால், பெரும்பாலும் அது வாராவாரம் நடக்கிற கூட்டம். திங்கள் என்பது அதன் ஜாதி மாதிரி. சில சமயம் அதைச் செவ்வாய்க்கு மாற்றினாலும் பெயர் மாறாது. 'மண்டேஸ் மீட்டிங்' என்று கொக்கி போட்டால் குறிப்பிட்ட ஒரு திங்கள், அன்றைக்கு நடந்த அல்லது நடக்கப் போகிற அந்த ஒரு கூட்டம். 'மீட்டிங் ஆன் மண்டே' என்று பின்னால் தள்ளினால் கூட்டம்தான் முக்கியம், திங்கள் அதற்கு ஒரு விவரம். 'மார்னிங் பேப்பர்' தினசரி வருகிற ரகம், 'திஸ் மார்னிங்ஸ் பேப்பர்' இன்று காலை நீ டீயோடு பிரித்தது. நாம் 'திங்கட்கிழமைக் கூட்டம்' என்று ஒன்றையே இரண்டுக்கும் சொல்லிவிட்டு, கேட்கிறவன் புரிந்துகொள்வான் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் புரிந்துகொள்ளவும் செய்கிறான்.

காலத்தைப் பெயருக்குப் பின்னால் வைப்பதுதான் நமக்கு வராத ஒன்று. 'த வெதர் டுடே', 'த மீட்டிங் டுமாரோ' என்று ஒட்டும் இல்லாமல் உருபும் இல்லாமல் வால் மாதிரி தொங்கவிடுவார்கள். தமிழில் 'கூட்டம் நாளை' என்றால் போஸ்டர் தலைப்பு மாதிரிதான் இருக்கும், நமக்கு 'நாளைய கூட்டம்' அல்லது 'நாளைக்கு நடக்கிற கூட்டம்' என்று முன்னால் வந்தாக வேண்டும். 'நேற்று ராத்திரி'யை அப்படியே 'யெஸ்டர்டே நைட்' என்றும், 'இன்று காலை'யை 'டுடே மார்னிங்' என்றும் ஆக்கிவிடுகிறோம். அவர்கள் 'லாஸ்ட் நைட்', 'திஸ் மார்னிங்' என்பார்கள். 'யெஸ்டர்டே மார்னிங்' மட்டும் அவர்களுக்கும் சரி. ஏன் காலைக்கு ஒரு நியாயம் ராத்திரிக்கு ஒரு நியாயம் என்று உன் பையன் கேட்டால், பழக்கம் என்று மட்டும் சொல்.

ராத்திரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ஃபோர்ட்நைட்' என்றால் பதினான்கு ராத்திரி. பழைய ஜெர்மானியர்கள் பகலை எண்ணாமல் இரவை எண்ணினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார், அதன் மிச்சம் இது. 'ஹி வொர்க்ஸ் நைட்ஸ்' என்று நைட் ஷிப்ட்காரனைச் சொல்கிறோமே, அந்த எஸ்ஸும் பன்மையாகப் பிறந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபாக இருந்தது. உன் கொக்கி எஸ்ஸுக்குக் கிட்டத்தட்ட பங்காளி. 'ஒன்ஸ்', 'ட்வைஸ்' இரண்டின் வாலிலும் அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போதும், சம்பளமில்லாமல் பாடம் எடுக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் கடையை மாடியிலேயே வைத்திருக்கிறாய். கீழே அந்தப் பாத்திரக்கடை காலியானதாகச் சொன்னாயே, வாடகை கேட்டாயா? அம்மாவுக்குச் சொட்டு மருந்து இன்னும் நாலு வாரம் போட வேண்டும். அது முடிந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறேன். குற்றாலத்தில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று பார்த்து ஒரு போன் போடு, வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகையில் டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

உன்,
ராமநாதன்