வண்டி வீட்டின் சமையல் மேடை: அப்பாவுக்கு ஒரு கடிதம்

குவார்ட்ஸ்சைட், அரிசோனா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பாலைவனத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. "வண்டிக்குள்ள கல் மேடை போட்டா வண்டி பாரம் தாங்குமா? கல்லைப் போய் உப்புத்தாளால தேய்க்கிறேன்னு சொல்றியே, அது என்ன கல்லு?" என்று கேட்டீர்கள். தச்சு வேலை தெரிந்த உங்களுக்கு இரண்டு வரியில் சொன்னால் போதாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்வி என்றால் வீடு போலவே எல்லாம் பொருத்திய வண்டி. கட்டில், கழிப்பறை, அடுப்படி எல்லாம் உள்ளேயே உண்டு. வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும் வயதானவர்கள் இதை ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்று ஒரு பெரிய அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே வண்டியை நிறுத்திக்கொள்ள 180 டாலர் கட்டினால் போதும். சில ஆயிரம் பேர் இருக்கும் சின்ன ஊர், ஜனவரி வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகளாகிவிடும். என் வேலை அந்த வண்டிகளின் சமையல் மேடைகளைப் பழுது பார்த்து மெருகேற்றுவதுதான்.

அந்த மேடை கல்லே இல்லை அப்பா. இதை இங்கே சாலிட் சர்ஃபேஸ் என்கிறார்கள். 1967ல் டூபாண்ட் கம்பெனி கண்டுபிடித்தது. கோரியன் என்ற பெயரில் முதலில் வந்தது, இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு பாக்சைட் என்ற தாதுவிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூள், மீதி ஒரு பங்கு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். சிலர் அக்ரிலிக்குக்குப் பதில் பாலியஸ்டர் பிசின் கலக்கிறார்கள். அது கொஞ்சம் சீக்கிரம் உடையும். அரை அங்குலப் பலகையாக வரும். ரம்பத்தால் அறுக்கலாம், விளிம்பு செதுக்கும் ரூட்டர் மிஷின் ஓட்டலாம், அதே நிறப் பசையால் ஒட்டித் தேய்த்தால் இணைப்பு எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்க மாட்டீர்கள். பாரத்தைக் கேட்டீர்களே, சதுர அடிக்குச் சுமார் 2 கிலோ. மூன்று சென்டிமீட்டர் கிரானைட் என்றால் ஏழரை கிலோ வரும். வண்டி எத்தனை எடை தாங்கும் என்று கதவோரம் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அதனால்தான் இந்தப் பலகை.

மேலே என்ன நிறமோ அடி வரை அதே நிறம். இதை மட்டும் இங்குள்ளவர்கள் மனதில் வாங்கிக்கொண்டால் என் வேலையில் பாதி குறைந்துவிடும். கத்தி பட்டு ஒரு கோடு விழுந்ததும் பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள். கோடு ஒரு பொருட்டே இல்லை, தேய்த்தால் போய்விடும். ஆனால் அதே ஆட்கள் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அப்படியே மேடைமேல் வைப்பார்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான். 100 டிகிரி சூட்டைத் தாண்டினால் அக்ரிலிக் தாங்காது. வெளுத்துப் போகும், இல்லாவிட்டால் உள்ளே இறுக்கம் ஏறி, ஒரு நாள் அந்த இடத்தில் விரிசல் விடும். சட்டி வைத்த அன்று ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

வண்டிக்குள் இந்த ஆபத்து வீட்டைவிட அதிகம். அடுப்பு சின்னது, மூன்று பர்னரும் நெருக்கி நெருக்கி இருக்கும். பெரிய வாணலியை ஓரப் பர்னரில் வைத்தால் பாதி வாணலி மேடைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். தீ அதன் அடியில் வழிந்து மேடையைத் தடவும். எல்லோரிடமும் நான் சொல்வது, பர்னரை மீறாத பாத்திரம் வாங்குங்கள், இறக்கி வைக்க ரப்பர் கால் வைத்த முக்காலி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கரண்டில் ஓடும் குக்கர், ஏர் ஃப்ரையர் எல்லாவற்றுக்கும் அடியில் அதே முக்காலிதான். சிங்க்கும் இதே பொருளில் இருந்தால், கொதிக்கும் தண்ணீரைக் கொட்டும்போது குழாயில் பச்சைத் தண்ணீரையும் திறந்துவிட வேண்டும்.

நேற்று பார்த்த வண்டியைச் சொல்கிறேன். கரும்பழுப்பு நிற மேடை. அடுப்புக்காக வெட்டிய ஓட்டையின் மூலையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை விரிசல். அடுப்பைத் தூக்கிப் பார்த்தால் மூலையைச் சதுரமாக வெட்டியிருந்தார்கள், ரம்பம் போன தடம் கூட மழுங்கவில்லை. சன்னல் சட்டத்துக்கு மூலை வெட்டும்போது நீங்கள் திட்டுவீர்களே, அதே விஷயம்தான். கூர் மூலையில்தான் இழுவிசை போய் முட்டும். வளைவாக வெட்டி, விளிம்பை மழமழவென்று தேய்த்து, அடியில் அதே பலகைத் துண்டை ஒட்டி, ஓட்டையின் விளிம்பு முழுக்க அலுமினிய டேப் சுற்ற வேண்டும். டேப் சூட்டை ஒரே இடத்தில் தேங்கவிடாமல் பரப்பிவிடும். இங்கே அது எதுவும் செய்திருக்கவில்லை. போதாததற்கு வண்டி ஓடும்போது சட்டம் முறுக்கிக்கொண்டே இருக்கும், வீட்டு மேடைக்கு அந்தத் தொல்லை கிடையாது. விரிசலை வாய்க்கால் போலக் கீறித் திறந்து, மூலையை வளைத்து, நிறம் பொருந்திய பசையை ஊற்றி, அடியில் துண்டு வைத்து இறுக்கினேன். காலையில் குளிர் ஐந்து டிகிரி, பசை இறுக மிகவும் தாமதமானது. வீட்டுக்காரம்மா அதற்குள் காபி போட்டுக் கொடுத்து, பேரன் படங்கள் அத்தனையும் காட்டி முடித்துவிட்டார்.

பிறகு தேய்ப்பு. முதலில் பென்சிலால் மேடைமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவேன். 180ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220, 320 என்று ஏறுவேன். கோடுகள் எல்லாம் ஒரே சீராக மறைந்தால்தான் அடுத்த நம்பர். பழுது இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும், விளக்கு வெளிச்சம் அங்கே நெளியும். அதனால் சுற்றி இரண்டு சாண் அகலத்துக்குத் தேய்ப்பைப் பரத்திக்கொண்டே போக வேண்டும். கடைசியில் மரூன் நிற ஸ்காட்ச்-பிரைட்டை ஈரத்தோடு வட்ட வட்டமாக மேடை முழுக்க ஓட்டினால் ஒரே மங்கலான மெருகு வந்துவிடும். கைவிளக்கை மேடையோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தால் குறை எல்லாம் தெரியும். கரு நிறத்தில் சின்னக் கோடும் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். வெளிர் நிறப் பலகையில் புள்ளிபுள்ளியாக இருந்தால் பத்து வருடத் தேய்மானம் தெரியாது. வாங்குபவர்கள் என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன், ஆனால் கறுப்புதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும், அடியில் கைவிட்டு அங்கும் இதே பொருள்தானா என்று தடவிப் பார்க்காமல் உப்புத்தாளை எடுக்கக் கூடாது. பார்வைக்கு இதே போல இருக்கும் மைக்கா ஒட்டிய மேடைகளும் நிறைய உண்டு. அதைத் தேய்த்தால் நிறம் போய் அடித்தாள் பல்லிளிக்கும்.

அம்மா தூசியைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொன்னீர்கள். குவார்ட்ஸ் தூளில் செய்யும் செயற்கைக் கல் வேறு, இது வேறு. அதை அறுத்தவர்களுக்கு அதிலுள்ள சிலிகா என்ற தாதுவின் தூசியால் நுரையீரல் கெட்டுத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. நான் தேய்ப்பதில் அந்த சிலிகா இல்லை. அதற்காக அலட்சியமாகவும் இல்லை. பல ஆண்டுகள் கோரியனை அறுத்துத் தேய்த்த ஒருவரின் நுரையீரலில் இந்தத் தூள் படிந்திருந்ததை 2014ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். முகமூடி இல்லாமல் மிஷினைத் தொடுவதில்லை, மிஷினோடு தூசி உறிஞ்சும் குழாயும் மாட்டியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்றாடப் பராமரிப்பு பெரிய வித்தையில்லை. சோப்புத் தண்ணீர், ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. ஆனால் இந்த ஊரில் ஒரு சங்கடம் உண்டு. கதவைத் திறந்தால் மணல் தூசி உள்ளே வந்து படியும். அதில் குவார்ட்ஸ் நிறைய. அது இந்தப் பலகையைவிடப் பல மடங்கு கடினம். காய்ந்த துணியால் துடைத்தால் நாமே உப்புத்தாள் போட்ட கதைதான். நூறு தடவை அப்படித் துடைத்த பிறகு, "மெருகு போயிடுச்சு, கம்பெனி சரியில்லை" என்பார்கள். முதலில் தண்ணீர் தெளித்து ஒற்றி எடுக்க வேண்டும், அப்புறம்தான் துடைப்பு. லா போசாவில் தண்ணீரைத் தொட்டியில் கொண்டுவந்துதான் புழங்க வேண்டும் என்பதால் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். தெளிப்பான் இருந்தால் ஒரு கை தண்ணீர் போதும்.

உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலம் படிந்தால், வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து தடவிச் சில நிமிடம் விட்டுக் கழுவினால் போகும். வெள்ளை சிங்க்கில் காபிக்கறை என்றால் தண்ணீர் கலந்த ப்ளீச். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துவிடக் கூடாது, குளோரின் புகை வரும், வண்டிக்குள் அது ஆளையே சாய்த்துவிடும். பெயின்ட் உரிக்கும் திரவம், ஓவன் கழுவும் திரவம், சாக்கடை அடைப்புக்கு ஊற்றும் அமிலம் இவை மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் அப்படித்தான்.

இந்த மாதம் ஊரில் பெரிய கூடாரம் போட்டு ஆர்வி கண்காட்சி நடக்கும். அங்கே மெழுகும் கிரானைட் சீலரும் விற்பவர்கள் கூவிக்கொண்டே இருப்பார்கள். சீலர் என்பது நுண்துளை உள்ள கல்லில் துளையை அடைக்கும் பூச்சு. இதில் துளையே இல்லை, காசைத் தண்ணீரில் போடுவதுதான். மெழுகு இரண்டு நாள் பளபளக்கும், பிறகு விரல் ரேகை எல்லாம் அதில் ஒட்டும்.

கிளம்பும் நாளில் மேடைமேல் ஒரு சாமானும் இருக்கக் கூடாது. காபி மிஷினைத் தரையில் வைக்க வேண்டும். சிங்க் ஓட்டையை மூடும் பலகை அதே பொருளில் வரும். அதன் அடியில் சிலிகான் குமிழ் ஒட்டாவிட்டால் நெடுஞ்சாலை முழுக்கக் கடகடவென்று அடித்து விளிம்பைத் தின்றுவிடும். கோடையில் பூட்டிப் போட்ட வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும் என்பதால் பலகை நீளும். எட்டடி மேடை 40 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகரும். சுவரோரம் அந்த இடைவெளியில் சிலிகான் மட்டும்தான் போட வேண்டும். இறுகிப்போகும் மக்குப் பசையை வைத்து அடைத்தால் பலகை எங்காவது பிளந்துகொள்ளும்.

இப்போது எனக்கு உங்கள் யோசனை வேண்டும். அடுப்பின்மேல் கவிழ்த்து வைக்க ஒரு வண்டிக்காரர் மரப்பலகை கேட்டிருக்கிறார், அடுப்பு எரியாதபோது கூடுதல் மேடையாக இருக்கும். நான்கு மேப்பிள் சட்டங்களை ஒட்டிச் செய்தேன். இந்த வறண்ட காற்றில் ஒரே வாரத்தில் வில் போல வளைந்துவிட்டது. அடியில் குறுக்குச் சட்டம் வைத்தால் நிற்குமா? திருகு துளையை நீளவாக்கில் விட வேண்டுமா, இல்லை பள்ளம் எடுத்துச் சொருகட்டுமா? உயரம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு தாளில் வரைந்து, தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதன்கிழமை அந்த வண்டி கிளம்புகிறது.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்