சீசன் இன்னும் பாதி இருக்கிறது

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் கல்லூரி பாஸ்கெட்பால் அணி மறுபடியும் தோற்றதிலிருந்து குழுவில் ஒரே புலம்பல். கோச்சை மாற்று, கேப்டனை மாற்று என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. கொஞ்சம் பொறுங்கள்.

முதல் இரண்டு குவார்ட்டரும் பசங்க யாருக்கும் சளைக்காமல்தான் ஆடுகிறார்கள். மூன்றாவதில்தான் சரிகிறது, காரணம் ஃபவுல். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்காத 4.6 மீட்டர் ஷாட், அதைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் நம் சென்டர் நாலு ஃபவுலோடு பெஞ்சுக்குப் போய்விட்டால், விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, யார் எடுப்பது? அப்புறம் அந்த அவசரம். ஷாட் போட 24 வினாடி இருக்கிறது. பாதிகூட ஆகாமல் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தால் எப்படி விழும்?

எனக்கு நம்பிக்கை தருவது குடியாத்தத்திலிருந்து வரும் முதலாம் ஆண்டுப் பையன். பந்தை நிதானமாகக் கொண்டுவருகிறான், தலை நிமிர்ந்தே இருக்கிறது. அவனுக்கு இன்னும் அதிக நிமிடம் கொடுத்தால் கோப்பை வராவிட்டாலும் அடுத்த சுற்று வரும் என்பது என் கணக்கு.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நம் மைதானத்திலேயே ஆட்டம். காட்பாடி பக்கமிருந்து வருபவர்கள் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலை மனதில் வைத்துச் சீக்கிரம் கிளம்புங்கள். வேலூர் வெயில் தெரியும்தானே, தண்ணீர் பாட்டில் கட்டாயம். ரெஃப்ரியைத் திட்டும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து கடைசி வரிசையில் உட்காரவும்.