கொடியை வெட்டப் பயப்படாதே, பாப்பா

சுருளிப்பட்டி,
தை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்கிறாய். ஆடி மாதத்திலிருந்தே இப்படித்தான். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அப்புறம் எடுத்துப் படிக்கலாம் அல்லவா.

போன வாரம் மாப்பிள்ளை ஒரு போட்டோ அனுப்பினார். நீ அனுப்பவில்லை, அவர்தான் அனுப்பினார். உங்கள் புது வீட்டு வேலியில் ஒரு திராட்சைக் கொடி மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. ஒரு இலை இல்லை. பார்த்ததும் செத்த கொடி என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் பந்தலடியில் நின்றவனுக்கு மொட்டைக் கொடியைக் கண்டால் மனசு பதறுகிறது. சின்னவன்தான் விசாரித்துச் சொன்னான். குளிர் ஊரில் கொடி இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்குமாம், மார்ச், ஏப்ரலில் கண் விழிக்குமாம். நம் கொடிக்கு அந்தத் தூக்கமே கிடையாது. நாம் கவாத்து வெட்டுகிற அன்றைக்குத்தான் அதற்கு ஓய்வு. வெட்டியதிலிருந்து நான்கு மாதத்தில் பழம். அதனால்தான் நம் ஊரில் ஒரு தோட்டத்தில் பூ, பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு, அதற்கடுத்ததில் கூடை கூடையாய்ப் பழம் என்று வருஷம் முழுக்க நடக்கிறது. உன் கொடி வருஷத்துக்கு ஒரே தடவைதான் காய்க்கும், அதுவும் செப்டம்பர், அக்டோபரில். அவசரப்படுத்த முடியாது.

அது கன்கார்ட் ரகம் என்று முன்பு இருந்தவர்கள் சொன்னதாக மாப்பிள்ளை சொன்னார். தோல் தனியாகக் கழன்று வருகிறது, வாசனை தூக்குகிறது என்றும் சொன்னார். நம் பன்னீர் திராட்சைக்கும் வாசனை உண்டு, ஆனால் தோல் அப்படிக் கழலாது. சரி, எந்த ரகமானால் என்ன, கொடி கொடிதான். பல வருஷமாக யாரும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், படத்திலேயே தெரிகிறது. பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரத்துக்குள் வெட்டிவிடு. பட்டை உரிந்து கறுத்திருப்பது பழைய கட்டை. வழவழப்பாக, செம்பழுப்பாக இருப்பது போன வருஷத்துக் கிளை. அந்தக் கிளையில் இருக்கிற கண்ணிலிருந்து, அதாவது முளைக்கிற மொட்டிலிருந்து, வரும் தளிரில்தான் கொத்து வைக்கும். பழைய கட்டையில் பழம் தேடாதே. அடிமரத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும் நல்ல கிளைகளாகப் பார்த்து நான்கை மட்டும் வைத்துக்கொள், மற்றதை எடுத்துவிடு. போன வருஷம் வளர்ந்ததில் பத்துக்கு எட்டுப் பங்கு, ஒன்பது பங்கு கீழே கிடக்க வேண்டும். மாப்பிள்ளை பயந்துபோய் "போதும் போதும்" என்பார். நீ கேட்காதே. வெட்டுகிற கை உன்னுடையதாக இருக்கட்டும், உனக்குக் கை வரும்.

கொஞ்சம் தாமதமாகி வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் சொட்டும். அது நோய் இல்லை. வேர் விழித்து நீரேற்றுகிறது, அவ்வளவுதான். தானாக நின்றுவிடும். அதைப் பார்த்து எதையாவது பூசிவிடாதே. மருந்தும் அடிக்காதே. இலை நிழல் அடர்ந்தால் வெண்மையாகச் சாம்பல் பூத்தது போல வரும். கொத்தைச் சுற்றியிருக்கிற இலையைக் கிள்ளிவிட்டுக் காற்று போகவிடு, பாதி நோய் அதிலேயே போய்விடும். மீறி வந்தால் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். நீ மருந்தைக் கையால் தொடாதே.

இன்னொரு படத்தில் வாசல் ஓரம் பளபளவென்று முள் இலையோடு ஒரு செடி இருந்தது. அதுவும் திராட்சை, பெயர் ஒரிகன் திராட்சை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். சின்னவனிடம் படிக்கச் சொன்னேன். அது திராட்சையே இல்லை பாப்பா. கொத்துக் கொத்தாக நீலக் கறுப்பில் காய்ப்பதால் அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். மஞ்சள் பூ. 1899-ல் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துப் பூவாகவே அறிவித்திருக்கிறார்கள். பழம் புளிப்பாம், சர்க்கரை போட்டு ஜாம் மாதிரி காய்ச்சுவார்களாம். தண்டைக் கீறினால் உள்ளே மஞ்சள் கிழங்கு நிறம், அதில் சாயமும் போட்டிருக்கிறார்கள். அதன் வேரைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்களும் உண்டு என்று சின்னவன் சொன்னான். நீ குடிக்காதே. யார் சொன்னாலும், எதற்கு நல்லது என்று சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் எந்த வேரையும் குடிக்காதே.

பெயரில் திராட்சை இருந்தால் போதுமா. நம் கிணற்றடிப் பிரண்டைக்குத் திராட்சை என்ற பெயரே கிடையாது. ஆனால் அதுதான் திராட்சைக்கு ரத்த சொந்தம், ஒரே குடும்பம். இலைக்கு எதிர்ப்பக்கத்தில் பற்றுக்கம்பி சுருண்டு நிற்கிறதே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உனக்குப் பிரண்டையை நறுக்கினால் கை அரிக்கும், நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அழுவாய், துவையல் அரைத்ததும் முதல் ஆளாகத் தட்டோடு நிற்பாய். அம்மா இப்போதும் அரைக்கும்போதெல்லாம் உன்னைச் சொல்லாமல் இருப்பதில்லை.

உன் கல்யாணம் முடிந்த கையோடு மரத்திராட்சைக் கன்று ஒன்று வாங்கி வைத்தோமே, தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில். பிரேசில் நாட்டு மரம். அதுவும் திராட்சை இல்லை, கொய்யா, நாவல் ஜாதி. தண்டிலேயே ஒட்டிக்கொண்டு கறுப்பு கறுப்பாகப் பழம் வருமாம். என் இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கிறது. அந்த மரம் மெதுவாகத்தான் வளரும், எட்டு வருஷம் பத்து வருஷம் கூட ஆகும் என்று நர்சரிக்காரர் அன்றைக்கே சொன்னார். இந்த மரத்தைப் பற்றி உனக்கு எழுதாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும். நான் மரத்தைப் பற்றித்தான் எழுதினேன், வேறு எதையும் மனதில் வைத்து எழுதவில்லை.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. பெரியப்பா பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைத்துவிட்டார், கல்தூண்களை விலை பேசுகிறார். பழம் பறிக்கிற நேரத்தில் பெய்த மழையில் கொத்து வெடித்து அவருக்கு இரண்டு வெள்ளாமை போய்விட்டது. நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீ போனில் அத்தனை சந்தோஷப்பட்டாய். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்று எனக்கே நீதான் படித்துக் காட்டினாய். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அது மாதிரி பேசி எவ்வளவு நாளாகிறது.

காதுகுத்தில் அத்தை கேட்டது தப்பு. நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நீ வீடியோவை அணைத்ததும் எல்லோரும் நெட்வொர்க் போய்விட்டது என்றார்கள். எனக்குத் தெரியும். நம் தெருவில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன முதல் பெண் நீ. எந்தப் பஞ்சாயத்திலும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னை அடையாளம் காட்டுகிறார்கள். அந்தப் பெருமை எனக்குப் போதும். அதற்கு மேல் நீ எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் என்னிடமாவது இரண்டு வார்த்தை பேசக்கூடாதா என்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று ஒரு நாள் சொன்னாய், அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

மருந்தைத் தொடாதே என்று மறுபடி மறுபடி எழுதுகிறேன். காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

2001-ல் நீ ஐந்தாம் வகுப்பு. சனி, ஞாயிறு பந்தலுக்கு வருவாய். பூஞ்சை நோய்க்கு அடிக்க, மயில்துத்தம் என்கிற செம்பு உப்பு ஒரு கிலோவை ஐம்பது லிட்டர் தண்ணீரில் தனியாக, சுண்ணாம்பு ஒரு கிலோவை ஐம்பது லிட்டரில் தனியாகக் கரைத்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றுவோம். கம்பால் கலக்குவது உன் வேலை. அரிவாளை முக்கி எடுத்து, "அப்பா, செம்பு ஏறுது, இன்னும் சுண்ணாம்பு வேணும்" என்று நீதான் கத்துவாய். முழங்கை வரைக்கும் நீலமாக நிற்பாய். ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

போர்டோ என்கிற இந்தக் கலவையை மட்டும் கலக்கியிருந்தால் நான் இதை எழுத மாட்டேன். அதே டிரம்மில், அதே கம்பால் மற்ற மருந்துகளையும் கலக்கினாய். உறை இல்லை, முகத்துக்குத் துணி இல்லை. கவாத்துக்கு அப்புறம் கொடியின் கண் உடைவதற்காக ஒரு மருந்தைத் துணியால் தொட்டுத் தடவுவோமே, அதையும் உன் கை கொண்டுதான் தடவினோம். சின்னக் கை, கண்ணுக்கு அடிபடாது என்று நானே சொன்னேன். உண்மையான காரணம் ஒரு ஆள் கூலி மிச்சம். கடன் கழுத்து வரைக்கும் இருந்தது என்பதெல்லாம் சரிதான். ஆனால் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் உன்னை நிறுத்தினேன்.

நீ ஏழாவது படிக்கும்போது பூ எடுக்கிற சமயத்தில் ஒரு நாள் பந்தலடியிலேயே வாந்தி எடுத்து மயங்கினாய். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். வெயில் என்று சொன்னேன். மருந்து என்று சொன்னால் போலீஸ், கேஸ் என்று ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். வெயில் என்று சொன்னதால் அவர் வெயிலுக்கு என்ன உண்டோ அதைச் செய்தார். இரண்டு நாளில் எழுந்துவிட்டாய். அம்மாவிடமும் வெயில் என்றே சொன்னேன். அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் அதுதான் தெரியும். அடுத்த மருந்தடிக்கு உன்னைக் கூப்பிடவில்லை என்று சொல்ல ஆசை. கூப்பிட்டேன் பாப்பா.

2023-ல் மத்திய அரசு சில மருந்துகளைத் தடை செய்த செய்தி பேப்பரில் வந்தது. டினோகேப், மெத்தோமில் என்று பெயர் போட்டிருந்தார்கள். இரண்டும் நம் ஓலைக் கொட்டகையில் இருந்த மருந்து. ஒன்று சாம்பல் நோய்க்கு, ஒன்று பூச்சிக்கு. அந்தத் தாளைக் கத்தரித்துக் கணக்கு நோட்டில் வைத்திருக்கிறேன். அன்றையிலிருந்து உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் படித்தவன் இல்லை. இங்கே யாரிடமும் கேட்கவும் தைரியம் இல்லை. ஒரு தடவை டாக்டரிடம் பொய் சொன்னவன், அடுத்த தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்தக் கடிதம். கொடியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன் என்று நீ நினைத்துக்கொள்ளலாம், அதுவும் பொய் இல்லை.

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். 2001-லிருந்து நீ பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் பந்தலில் அடித்த மருந்துகளின் பெயர், எந்த மாதம், நீ கூட இருந்தாயா இல்லையா என்று நினைவில் இருக்கிறவரை எழுதியிருக்கிறேன். பெயர்களைச் சின்னவனை விட்டு ஆங்கிலத்திலும் எழுத வைத்தேன். எதற்கு என்று அவன் கேட்டான், தோட்டக் கணக்கு என்று சொன்னேன். அங்கே நீ பார்க்கிற டாக்டர் கேட்டால் காட்டு. கேட்காவிட்டாலும் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்ல வேண்டும் என்று இல்லை.

மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று நீயே பார்த்துக்கொள். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. நல்ல மனுஷன், உன்னை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார், கொடியைப் படம் எடுத்து அனுப்புகிறாரே, அதிலேயே தெரிகிறது.

இப்போது கிணற்றடியில் இருபது கொடி மட்டும்தான் என் கையில். மயில்துத்தமும் சுண்ணாம்பும் தவிர எதுவும் அடிப்பதில்லை. நானே கலக்குகிறேன். கொத்து சின்னதாக வருகிறது, பரவாயில்லை.

உன் வேலிக் கொடியை மார்ச் முதல் வாரத்துக்குள் வெட்டிவிடு. வெட்டியதும் ஒரு படம் அனுப்பு. நீயே அனுப்பு.

தனித்தாளில் ஒரு மருந்தின் பெயர் மட்டும் காலியாக இருக்கும். சிவப்பு மூடி, பூண்டு அழுகின மாதிரி வாசம், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு கலக்குவாய். பெயர் வரமாட்டேன் என்கிறது. பழைய ரசீதுகளைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன்.

அப்பா