நீல டிக்கும் ஸ்ட்ரீக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று திட்டுகிறோம், சரி, ஆனால் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்ப்பதில்லை. படம் அனுப்பிப் பேசிக்கொள்ளும் ஸ்னாப்சாட் செயலியில் 'ஸ்ட்ரீக்' என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பேர் விடாமல் எத்தனை நாள் படம் அனுப்பிக்கொண்டார்கள் என்ற கணக்கு. 24 மணி நேரத்துக்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பியாக வேண்டும், ஒருவர் தவறினாலும் அறுந்துவிடும், நேரம் முடியப்போகிறது என்று மணல் கடிகாரம் வேறு காட்டி அவசரப்படுத்துவார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூட வெறும் சுவரைப் படமெடுத்து அனுப்பும் பிள்ளைகள் உண்டு. பேச விஷயம் இருந்து அல்ல, அனுப்பாவிட்டால் தோழி என்ன நினைப்பாளோ என்ற பயம்தான்.

வாட்ஸப்பில் 2014-இல் வந்த, செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக்கும் இதே கதை: படித்தும் பதில் போடாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். டிக்கை அணைத்து வைக்கலாம், ஆனால் குழுக்களில் அது எடுபடாது; பத்தாம் வகுப்புச் சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கிறது! இன்ஸ்டாகிராம் 2021-இல் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி தந்தது, அதையும் நாமே தேடிப்போய் மாற்ற வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரிய தளங்களில் கணக்கே வைத்திருக்க முடியாது. இங்கே அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. 18 வயதுக்குட்பட்டவர்களின் கணக்குகளில் ஸ்ட்ரீக்கையும் லைக் எண்ணிக்கையையும் முதலிலேயே அணைத்துக் கொடுக்கும்படி மத்திய அரசு இந்த நிறுவனங்களுக்கு உத்தரவிடட்டும்.

– ஒரு பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்